மறை கழண்டவளின் ஸ்பேனர்

என் அத்தை பல் மருத்துவமனையில் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களை வாய் திறக்கச் சொல்கிறவர். அவரை வாய் மூடச் சொன்னால் மட்டும் பிடிக்காது.

அவரிடம் ஒரு பழைய பாய்மரப் படகு உண்டு. அது கவிழாமலிருக்க, கீல் என்னும் கனத்த இரும்பு அடியில் தொங்குகிறது. எட்டு போல்ட்டுகள் அதைப் படகோடு சேர்த்துப் பிடிக்கின்றன. சேருமிடத்தில் தண்ணீர் கசிந்தது. படகுத்துறை மேஸ்திரி மூன்று முறை பசை பூசி, போல்ட்டுகளின் மறைகளை முட்ட முட்ட இறுக்கினார். மூன்று முறையும் கசிந்தது.

"இன்னொரு தடவை ஒழுகுச்சுன்னா படகை உடைச்சிடலாம்க்கா. சம்மதம்னு எழுதிக் குடுத்துடுங்க."

அத்தை அங்கேயே எழுதி நீட்டினார். "ஆனா இந்தத் தடவை நான் சொல்ற மாதிரி."

கீலை இறக்கி, பழைய பசையைச் சுரண்டியெடுத்து, புதியதைத் தடிமனாகப் பூசி, ஜாக்கியால் மேலே ஏற்றினார்கள். இறுக்க ஆரம்பித்து, விளிம்பில் பசை லேசாகப் பிதுங்கியதும் அத்தை, "போதும்" என்றார்.

"பாதிதான் இறுக்கியிருக்கேன்."

"பல்லை அடைச்ச கையோட நறுக்குன்னு கடிக்கச் சொல்லுவோமா? நீங்க முட்ட இறுக்குனா பசை பூரா வெளிய வந்துடுது. உள்ள அடைக்க என்ன மிச்சம்? முதல்ல காயட்டும்."

மேஸ்திரி, கூட வந்திருந்த என் மாமாவைப் பார்த்தார். "அக்காவுக்கு மறை கழண்டுடுச்சா?"

"கல்யாணத்தப்பவே. அந்த சைஸுக்கு ஸ்பேனர் கிடைக்கல."

யாரும் முந்திக்கொண்டு இறுக்கிவிடாதபடி, அத்தை பெரிய ஸ்பேனரைத் துடைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஐந்து நாள் அது அவரோடு வேலைக்குப் போய் வந்தது. மூன்றாம் நாள் பையின் வார் அறுந்ததால், பேருந்தில் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது.

ஆறாம் நாள் பசை ரப்பர் மாதிரி கெட்டியாகியிருந்தது. இப்போது அத்தையே காலை ஊன்றி எட்டு மறைகளையும் முழுக்க இறுக்கினார். படகு தண்ணீரில் இறங்கியது. அத்தை படகுக்குள் ஒவ்வொரு போல்ட்டின் ஓரத்திலும், நோயாளியின் கன்னத்துக்குள் வைக்கும் பஞ்சுருளை ஒன்றைச் செருகினார்.

ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்து மேஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தார். எட்டாவதை அவர் பிழிந்தே பார்த்தார். ஈரமில்லை.

"கட்டிப்போட்ட படகுதானேக்கா. கடல்ல ஆடுனாத்தான் தெரியும்."

"ஏறுங்க, ஆட்டிப் பாப்போம்," என்றார் அத்தை. "உடைக்கச் சொல்லி நான் எழுதிக் குடுத்த காகிதத்தையும் எடுத்துக்குங்க. நனையுதான்னு பாக்கணும்ல."

மேஸ்திரி செருப்பைக் கழற்றினார்.