கப்புக்குப் பூசிய கிளிசரின்

அவன் மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

இரண்டாயிரங்களில் நாங்கள் இருவரும் மேடவாக்கத்தில் ஒரே தகரக் கொட்டகையில் தொழில் செய்தோம். ஐ.டி. ஆட்களை ஏற்றிப் போகும் கார்கள் பெருகிய காலம். பள்ளிக்கரணைப் பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் முன் கண்ணாடிக்கு ஆபத்துதான். கல் தெறித்த இடத்தில் மிளகளவு குழி விழும். அதற்குள் பிசினை அழுத்தி ஏற்றி வெயிலில் காயவிட்டால் விரிசல் ஓடாது. கண்ணாடியை மாற்றவும் வேண்டாம்.

பிசின் ஏற்றும் கருவி ஒரு ரப்பர் கப்பால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு நிற்கும். கப் வறண்டிருந்தால் காற்று புகுந்து பாதி வேலையில் கழன்று விழும். அதனால் விளிம்பில் எதையாவது பூச வேண்டும். தண்ணீர் நம் ஊர் வெயிலில் உடனே காய்ந்துவிடும். சோப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியும். நான் கிளிசரின் பூசுவேன். அது சீக்கிரம் காயாது, ரப்பரைக் கெடுக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அதைப் பழைய கண் மருந்துச் சீசாவில் ஊற்றி வைத்திருந்தேன். என்னவென்று அவன் கேட்டதே இல்லை. அவனுக்குத் தெரியாதது உலகத்தில் ஏது? தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவுவான். எண்ணெய் குழிக்குள் இறங்கினால் பிசின் ஒட்டாது என்று சொன்னேன்.

"கப்பு கெட்டியா புட்சிக்கினு கீதுல்ல? அப்பறம் இன்னா?" என்றான்.

அவன் ஒட்டிய கார் ஒன்றில், கோவளம் போகும் வழியில் விரிசல் ஓடி, கண்ணாடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிளந்தது. அதைப்போல் பல கார்களை ஓட்டவிட்டிருந்த முதலாளி எங்களைக் கிழக்குத் தாம்பரம் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லி, யார் செய்த வேலை என்று கேட்டார். வாய் கூசாமல் அவன் என்னைக் காட்டினான். நான் மறுத்தது எடுபடவில்லை.

"கை சரியில்லன்னா வேற வேலைக்குப் போ" என்றார் முதலாளி, அத்தனை டிரைவர்கள் முன்னால். அவமானத்தில் காது எரிந்தது. இவனும் இதே இடத்தில் இதே பேச்சு வாங்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்தக் கார்கள் எல்லாம் அவனிடம் போயின. சில மாதங்களில் விரிசல்களும் ஓட ஆரம்பித்தன. ஒருநாள் டீக்கடையில் பல்லிளித்துக்கொண்டு வந்து நின்றான்.

"மச்சான், அந்தக் கண்ணு மருந்து சீசால இன்னாதான் வெச்சிருந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். அவசியமே இல்லை. புளுகனுக்கு ஊரெல்லாம் புளுகனாகத்தான் தெரியும். வேண்டுமென்றே எங்கோ பார்த்துச் சிரித்தபடி, "கிளிசரின். மெடிக்கல்ல கெடைக்கும்" என்றேன்.

"டபாய்க்காத. மூஞ்சில தடவறத சொல்ற."

"நம்பலன்னா போ."

நேராகப் புதுப்பேட்டைக்குப் போய், டேஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்பிரேயை வாங்கினான் என்று கேள்விப்பட்டேன். எண்ணெயாவது பரவாயில்லை, அந்த ஸ்பிரே படிந்த கண்ணாடியில் பிசின் நிற்கவே நிற்காது. எனக்கு அன்று சோறு ருசியாக இறங்கியது.

முதலாளியே ஒரு நாள் எனக்கு போன் செய்தார். ஸ்டாண்டுக்குப் போனேன். அவனும் அங்கே நின்றிருந்தான். அவன் ஒட்டிய பிசினை ஒரு டிரைவர் நகத்தால் நெம்ப, அது சில்லாகப் பெயர்ந்து வந்தது.

"கை சரியில்லன்னா வேற வேலைக்குப் போய்யா!" என்று முதலாளி அவனைப் பார்த்துக் கத்தினார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கு வேறு திட்டு தெரியாது போலிருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு கார், புதுக் குழியோடு நின்றது. அதைப் பார்க்கச் சொன்னார். என் பையில் சீசா இருந்தது. எடுக்கவில்லை. எதிரே இருந்த மெடிக்கலுக்குப் போய்ப் புது கிளிசரின் பாட்டில் வாங்கி வந்தேன். அவன் பக்கம் லேபிளைத் திருப்பி பானெட்டின் மேல் வைத்து, நிதானமாக சீலை உடைத்தேன்.

அவன் லேபிளைப் படித்தான். முகம் செத்துப்போயிற்று.

"அன்னிக்கு நெஜமாத்தான் சொன்னியா?"

"நெஜமாத்தான் சொன்னேன், மச்சான்" என்று சொல்லிவிட்டு, கப்பின் விளிம்பில் ஒரு சொட்டு தடவினேன்.