பந்து அறியாதவர் என்பதற்கான சான்றிதழ்

“பந்து உருண்டையா சதுரமான்னுகூட எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கப் போறதும் இல்ல.”

இந்த மகாவாக்கியத்தை அருளியவர் ஒரு கால்பந்து கிளப்பின் குமாஸ்தா. இருபத்தேழு வருஷமாக அந்தக் கிளப்பின் உப்பைத்தான் தின்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஊருக்கெல்லாம் அவர் ஃபைல்காரர். சிலர் புகையிலை தொடுவதில்லை, சிலர் மாமனார் வீட்டுப் படியேறுவதில்லை. ஃபைல்காரர் பந்தைப் பார்ப்பதில்லை. அதை அறியாமை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது விரதம்.

அவருடைய அறை மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மைதானம் மொத்தமும் உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். அந்த ஜன்னலோரத்து நாற்காலிக்காகச் சொந்தத் தம்பியையே பகைத்துக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள் உண்டு. ஃபைல்காரர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அந்த ஜன்னலை ஒரு இரும்பு பீரோவால் அடைத்தார். வெளியே கோல் விழும், கட்டடம் அதிரும், மேஜை மேலிருக்கும் குண்டூசி டப்பா ஒரு அங்குலம் நகரும். அவர் அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அடுத்த காகிதத்தில் துளை போடுவார்.

கிளப் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்றபோது, டைல்ஸ் கடை வைத்திருக்கும் தலைவருக்கு ஞானம் பிறந்தது. உள்ளூர் கோச்சை வைத்துத் தோற்றால் அவமானம், வெளிநாட்டு கோச்சை வைத்துத் தோற்றால் அனுபவம். விமானத்தில் ஒரு கோச் வந்து இறங்கினார். நரைத்த தலை, ஆறடி உயரம், கழுத்தில் விசில். வருவதற்குமுன் புத்தகம் பார்த்து நம் பேச்சில் அறுபது எழுபது சொற்கள் மனப்பாடம் செய்திருந்தார்.

“வணக்கம் ஐயா. நான் உங்கள் பயிற்றுநர்.”

“இன்னும் இல்ல” என்றார் ஃபைல்காரர். “வொர்க் பர்மிட் வந்தாதான் கோச். இப்போதைக்கு நீங்க சுற்றுலாப் பயணி. முப்பது நாள். அந்த விசிலைக் கழட்டிக் குடுங்க.”

விசில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய், துளை போடப்பட்டு, கோச்சின் ஃபைலில் பக்கம் நான்காகக் கோர்க்கப்பட்டது.

முப்பது நாளில் பர்மிட் வராவிட்டால் கோச் திரும்ப விமானம் ஏற வேண்டியதுதான். ஏறி எங்கே போவது என்பதுதான் கேள்வி. பழைய வேலையை விட்டாயிற்று, வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. மனைவி இரண்டு பெட்டிகளோடு தாய் வீட்டில் உட்கார்ந்து போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் ஃபைல்காரருக்கு எப்படித் தெரியும் என்றால், மைதானத்தில் கால் வைக்க அனுமதியில்லாத கோச் தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிறோமே என்று ஒருநாள் காகிதங்களை அடுக்கி வைக்கப் போனார்.

“தொடாதீங்க! அது வேலை.”

விதிப்புத்தகத்தின் ஏழாம் பக்கம் ஃபைல்காரருக்கு மனப்பாடம்: ஊதியத்துடனோ ஊதியமின்றியோ, சொல்லாலோ செயலாலோ, பர்மிட் பெறாத அந்நியர் எவ்வித வேலையும் செய்யலாகாது. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்கலாமா என்பதையே அவர் அரைமணி நேரம் யோசித்துத்தான் அனுமதித்தார்.

பொழுது போகாத கோச் குண்டூசிகளை மேஜை மேல் நிறுத்தி வைத்து ஏதோ காட்டத் தொடங்கினார். இது தடுப்பவர், இது முன்னால் ஓடுபவர், இவர் பந்து வருவதற்குமுன் இவரைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு.

“என்கிட்ட சொல்லாதீங்க சார். நான் பார்க்கல” என்றார் ஃபைல்காரர், பார்த்துக்கொண்டே. குண்டூசி எழுதுபொருள் வகையில் வருவதால் தடை சொல்ல முடியவில்லை.

பர்மிட் அலுவலகத்தில் எல்லா மனுவும் மூன்றாம் கவுன்ட்டர் மேடத்தைத் தாண்டித்தான் போகும். ஒளியே தாண்டுமா என்று அங்கே வரிசையில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஃபைல்காரர் முதல் முறை போனபோது மேடம் தொழில் பட்டியலைப் புரட்டினார். நீச்சல் கற்பிப்பவர் இருந்தார், குதிரை பழக்குபவர் இருந்தார், கால்பந்து கோச் இல்லை.

“குதிரைல போட்டுக்கலாமா மேடம்?”

“பந்துக்கு நாலு காலா இருக்கு? எடுத்துட்டுப் போங்க.”

இரண்டாம் முறை ‘இதர பயிற்றுநர்’ என்று போட்டுக்கொண்டு போனார். அப்போதுதான் மேடம் பதினான்காம் விதியைக் காட்டினார். இந்த வேலையைச் செய்ய உள்ளூரில் ஒரு ஆள்கூட இல்லை என்று நிரூபிக்க வேண்டும். விளம்பரம் கொடுத்து, வந்த மனுக்களை எல்லாம் ஏன் தள்ளினோம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும்.

விளம்பரம் வந்தது. நாற்பத்தொரு மனுக்கள் வந்தன. கால்பந்து கோச் ஆக முடியாத ஆண்மகன் அந்த ஊரிலேயே ஃபைல்காரர் ஒருவர்தான் போலிருக்கிறது. தலைவரின் மச்சானும் மனுப் போட்டிருந்தார். அனுபவம் என்ற இடத்தில், ‘இருபது வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களைத் திட்டிய அனுபவம்’ என்று கண்டிருந்தது. ஃபைல்காரர் நடுநிலை தவறாமல் எழுதினார்: ‘திட்டுவதில் தகுதி உண்டு. மற்றதில் இல்லை.’ மச்சான் அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்குள் இரண்டு சனிக்கிழமைகள் போயின, இரண்டு ஆட்டங்களும் போயின. கோச் வாயைத் திறந்துவிடாமல் காவல் காக்கும் பொறுப்பைத் தலைவர் ஃபைல்காரரிடமே ஒப்படைத்திருந்தார். இருபத்தேழு வருஷத்து விரதம் அப்படித்தான் கேலரிக்கு வந்தது. ஆனாலும் அவர் பந்தைப் பார்க்கவில்லை. கோச்சின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலாயிரம் பேர் பர்மிட் இல்லாமலே யோசனை சொல்லித் தொண்டை கிழியக் கத்த, விஷயம் தெரிந்த ஒரே ஆள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் மூன்றாவது கோல் வாங்கியபோது அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“ஐயா” என்றார் கோச் மெதுவாக. “நீங்கள் கத்தலாம் அல்லவா? உங்களுக்குப் பர்மிட் தேவையில்லை.”

ஃபைல்காரர் அன்று வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். உள்ளூர்க்காரன் கத்தக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை ஏற்பாடு தயார். கேலரி இரைச்சலில் கிசுகிசுத்தால் கேட்காது, விரலை நீட்டினால் செயல் ஆகிவிடும். ஆகவே மடியில் போட்ட மேல்கோட்டுக்கு அடியில் கோச்சின் கை. ஃபைல்காரரின் இடது முழங்காலை அழுத்தினால் இடது பக்கம் ஆபத்து. வலது முழங்காலென்றால் வலது. தட்டினால் முன்னேறு. தொடையில் கிள்ளினால் எல்லோரும் பின்னால் ஓடி வாருங்கள்.

“இடது! இடதுல ஆள் போடுங்கடா!” என்று ஃபைல்காரர் போட்ட முதல் கூச்சலில் துணைக் கோச் திரும்பிப் பார்த்தார், கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தார், பக்கத்து வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செத்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தால்கூட அவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், சொன்னபடி ஆடினார்கள். ஒன்றுக்குச் சைபர். ஜெயித்தாயிற்று.

வீட்டில் மனைவி தைலம் தேய்த்தாள்.

“தொடையெல்லாம் கன்னிப் போயிருக்கு. ஆபீஸ்ல என்னதான் பண்றீங்க?”

“கோப்பு வேலைதான்.”

“கோப்பு கிள்ளுமா?”

“கடைசி பத்து நிமிஷம் கிள்ளும்” என்றார்.

திங்கட்கிழமை மச்சான் பர்மிட் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார்: அந்நியர் அனுமதியின்றி வேலை செய்கிறார், வந்து பார்க்கவும். நாலாம் சனிக்கிழமை மூன்றாம் கவுன்ட்டர் மேடமே நேரில் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இவர்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து, குறிப்பேடும் கையுமாக ஆட்டம் முழுவதையும் பார்த்தார். கிளப் இரண்டுக்குச் சைபர் என்று ஜெயித்தது. அடுத்த புதன்கிழமையோடு கோச்சின் முப்பது நாள் முடிகிறது.

திங்கட்கிழமை காலை கவுன்ட்டரில் ஃபைல்காரர் நின்றபோது மேடம் குறிப்பேட்டைப் பிரித்தார்.

“உங்க வெளிநாட்டுக்காரர் மேல தப்பு இல்ல. வாயே திறக்கல. உத்தமர்.”

“ரொம்ப நன்றி மேடம்.”

“இருங்க. நீங்க அறுபத்துநாலு தடவை கத்தினீங்க. ஒவ்வொண்ணும் சரியா இருந்துச்சு. உள்ளூர்லயே இப்படி ஒருத்தர் இருக்கும்போது வெளிநாட்டுக்காரர் எதுக்கு? பதினாலாம் விதிப்படி மனு தள்ளுபடி.”

ஃபைல்காரருக்குக் கவுன்ட்டரின் கண்ணாடி, மேடத்தின் கண்ணாடி இரண்டும் ஒன்றாகச் சுழன்றன. அவர் வெட்டிய குழியில் கோச் விழுந்து கிடந்தார்.

“மேடம், எனக்குப் பந்து உருண்டையா சதுரமான்னுகூடத் தெரியாது மேடம். யாரை வேணா கேளுங்க!”

“வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்க. அப்புறம் நான் கேள்வி கேப்பேன்.”

எழுதிக் கொடுத்தார். தம் வாழ்நாள் பெருமையைக் கைப்பட எழுதிக் கையெழுத்திடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மேடம் அதை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஒரு டீமுக்கு எத்தனை பேர்?”

“ஒரு... இருபது பேர் இருப்பாங்களா மேடம்?”

“கார்னர்னா?”

“மூலைல நிக்கிறது.”

“ஆஃப்சைடுன்னா என்ன?”

 ஃபைல்காரரின் கண்முன்னே மேஜை மேல் குண்டூசிகள் வரிசையாக நின்றன. பந்தைத் தட்டிவிடும் அந்தக் கணத்தில், கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நிற்கும் குண்டூசி. விடை தொண்டைவரை வந்து, அழகாக, ஒரு பிசிறும் இல்லாமல் நின்றது. இருபத்தேழு வருஷத்தில் எந்த ஃபைலிலும் ஒரு பொய் எழுதியதில்லை அவர். மதிய நேரத்துத் தூக்கத்தைக்கூட ‘இருக்கையில் இருந்தார்’ என்றுதான் உண்மையாகப் பதிவு செய்வார். இரண்டு பெட்டிகளோடு யாரோ ஒருத்தி, பார்த்திராத ஒரு வீட்டில், போன் அருகே உட்கார்ந்திருந்தாள்.

“பந்து... கேலரிக்குள்ள வந்து விழுந்துட்டா, அது ஆஃப்சைடு மேடம்.”

மேடத்தின் முகம் வலியால் சுருங்கியது. பந்து விளையாடும் நாலு அண்ணன்களோடு வளர்ந்தவர் அவர்.

“அட கடவுளே. உங்க வயசுக்கு... சரி விடுங்க. அப்போ அந்த அறுபத்துநாலு?”

“எல்லாரும் கத்தினாங்க மேடம். நானும் கத்தினேன்.”

அது மட்டும் பாதி உண்மை. மேடம் தலையில் அடித்துக்கொண்டு ஒரு தாளை எடுத்து எழுதினார்: ‘மேற்படி நபர் கால்பந்து பற்றிச் சிறிதளவும் அறியாதவர் என இவ்வலுவலகம் விசாரித்துச் சான்றளிக்கிறது.’ கையெழுத்து, தேதி, வட்ட முத்திரை. முத்திரை விழுந்த சத்தம் மூன்று கவுன்ட்டர் தள்ளிக் கேட்டது. அந்தத் தாளை முன்வைத்து மறுநாளே பர்மிட் வெளியே வந்தது.

கோச் பர்மிட்டைப் படித்துவிட்டு, பின்னால் இணைத்திருந்த சான்றிதழையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.  பிறகு எழுந்து நின்று சொன்னார்: “ஐயா, இது பொய்.”

“சத்தம் போடாதீங்க. முத்திரை விழுந்திருக்கு” என்ற ஃபைல்காரர், பக்கம் நான்கை அவிழ்த்து விசிலை எடுத்துக் கொடுத்தார். கோச் அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தபோது மறுமுனையில் பெட்டியை இழுக்கும் சத்தம் இங்கேவரை கேட்டதாம்.

தலைவர் அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். பந்தைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தெரியாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டவர் இவர் ஒருவர்தான். ஃபைல்காரரும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைச் சுட்டிக்காட்டி, “நான் சொன்னேன்ல?” என்பார்.

அடுத்த சனிக்கிழமை காலை ஃபைல்காரரின் அறைக்குள் வந்த தலைவர் நின்றுவிட்டார். ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த பீரோ ஒரு முழம் நகர்ந்திருந்தது.

“என்னய்யா, பீரோ நகர்ந்திருக்கு?”

“கரையான் சார்.”

“இரும்பு பீரோவுக்கா?”

“பின்னாடி சுவத்துல சார்” என்றார் ஃபைல்காரர், தலை நிமிராமல் துளை போட்டபடி. தலைவர் சிரித்துக்கொண்டே கீழே போனார்.

மாலையில் ஆட்டம் நடந்தது. மைதானக் கோட்டோரம் கழுத்தில் விசிலோடு கோச் நின்றிருந்தார். அறையில் யாரும் இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் வெளிச்சம். அதற்கு நேராக ஃபைல்காரரின் நாற்காலி. மடியில் ஒரு ஃபைல், திறந்த பக்கம் திறந்தபடியே. எதிரணிக்காரன் ஒருவன் யார் கண்ணிலும் படாமல் இடது ஓரமாக நழுவிப் போய்க்கொண்டிருந்தான். ஃபைல்காரரின் கை ஃபைலைவிட்டு இறங்கி, தம் இடது முழங்காலைத் தாமே அழுத்தியது.

இரண்டு மூச்சு கழித்து, கீழிருந்து கோச்சின் குரல் கேட்டது.

“இடது!”