மூடிக்குள் மாட்டிய பஞ்சு

பனியன் கம்பெனியில் சேர்ந்த அன்று, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கத் தமிழ்மதியைக் கேமராக்காரர் ராபினுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். முந்தின நாள் அவளுடைய அப்பா மருதாசலம் அறைந்ததில் இடது கண்ணுக்குக் கீழே வீங்கிக் கன்றிப் போயிருந்தது. பவுடரை அப்பியும் மறையவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ராபின் அவளை ஒன்றும் கேட்கவில்லை. "வெளிச்சம் சரியில்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். துணி மாட்டுகிற ஆளுயரப் பொம்மை ஒன்றை இழுத்து வந்து அவளுக்கும் வரிசைக்கும் நடுவில் நிறுத்தினார். அட்டையில் அவள் முகம் பழுதில்லாமல் வந்தது.

ராபினுக்கு உடன்குடிப் பக்கம். சின்ன வயதில் அம்மாவோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். அம்மா காலமான பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். கம்பெனியின் சாம்பிள் ரூமில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற பனியன்களைப் பொம்மைக்கு மாட்டிப் படம் எடுப்பது அவர் வேலை. ஜெபம் பண்ணாமல் கேமராவைத் தொட மாட்டார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "ராபின் அண்ணன் பொம்மைக்குப் பனியன் மாட்டறப்பக்கூடக் கண்ணை மூடிக்குவாரு" என்று பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் பெண்கள் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் கேமராவின் பின்பக்கம் படம் தெரிகிற சின்னத் திரை உண்டு. அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மூடி. மூடியின் ஓரம் லேசாக ஒட்டு விட்டிருந்தது. கம்பெனியில் எதன் மேல் பஞ்சு படிந்தாலும் கம்ப்ரசர் காற்றை அடித்துத்தான் விரட்டுவார்கள். மெஷினுக்கும் அதுதான், தலைமுடிக்கும் அதுதான். ராபினும் அப்படியே அடித்தார். வெளியே இருந்த பஞ்சு பறந்தது. ஒரு துணுக்கு மட்டும் மூடிக்குள் புகுந்து திரையின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்துகொண்டது. "எடுக்கிற படத்துல விழாது, பாக்கிறப்பதான் தெரியும்" என்று அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

தமிழ்மதிக்குப் பொங்கலூரிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் மகுடேஸ்வரன். தோப்பும் கோழிப்பண்ணையும் இருந்தன. தாயில்லாத பெண் என்பதால் அத்தை பழனியம்மாள்தான் எல்லாம் பேசினாள். அவளிடம் தமிழ்மதி கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த ஊட்டுல கை நீட்டுவாங்களா அத்தை?"

"அதையெல்லாமா கேப்பாங்க கண்ணு? தென்னை எத்தனைன்னு கேளு."

தென்னை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் அப்பாவின் கை அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. சோறு குழைந்தாலும் அடி, வீட்டில் ஓடுகிற தறி நின்றாலும் அடி. அடி விழாத வீடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கல்யாணம் நடந்தால் அது கிடைக்கும் என்று அவள் மாகாளியம்மனுக்கு விளக்கு வைத்தாள்.

பல்லடத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயம். அவள் கேட்டுக்கொண்டதால் ராபின் படமெடுக்க வந்தார். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, பெண்ணை ஒரே நாற்காலியில் உட்கார வைத்து வரிசையாக எடுத்தார். படத்துக்குப் படம் அவள் கழுத்து அதே இடத்தில்தான் வந்தது. திரைக்குள் அந்தப் பஞ்சும் அதே இடத்தில் இருந்தது.

தட்டு மாற்றும் முன் மாப்பிள்ளையின் அம்மா பெரியாத்தாள் படம் பார்க்க வந்தாள்.

"ஏப்பா, புள்ளை கழுத்துல இதென்ன வெள்ளையா?"

"அது பஞ்சுக்கா. மூடிக்குள்ள போயிட்டுது."

"அப்ப தொடச்சுக் காட்டு."

ராபின் சட்டை முனையால் துடைத்தார். போகவில்லை. ஊதினார். போகவில்லை. "உள்ள இருக்குக்கா, தொடச்சா வராது. தட்டுப் படத்தைப் பாருங்க, அதுலயும் இருக்கும்" என்று திரையில் படத்தைத் தள்ளிக் காட்டினார். தட்டைப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

"பஞ்சுலயே பொறந்து பஞ்சுலயே வளந்தவ நானு. தொடச்சாப் போகாத பஞ்சை எனக்குக் காட்ட வந்துட்டியா?" என்றாள் பெரியாத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "வெண்குஷ்டமுங்க! நேர்ல தெரியாமப் பவுடரைப் பூசி மறைச்சு நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க!"

அடுத்து நடந்தது எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. பெரியாத்தாள் பக்கத்தில் நின்றவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். யாரோ செம்பில் தண்ணீர் நீட்டினார்கள். துண்டை நனைத்துக்கொண்டு வந்து, ஒரு கையால் தமிழ்மதியின் கொண்டையைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து, பாத்திரம் தேய்ப்பதுபோல் கழுத்தைத் தேய்த்தாள். பவுடர் வந்தது. பிறகு தோல் வந்தது. தமிழ்மதி நெளிந்தாள். சாய்ந்த கண்ணுக்கு, செம்பைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அந்தக் கையில் மாப்பிள்ளை மோதிரம். மகுடேஸ்வரன் துண்டு காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"விடுங்கக்கா, அந்தப் புள்ளைய விடுங்க" என்று ராபின் குறுக்கே வந்தார். மருதாசலம் அவரைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினார். "எம்புள்ளை கழுத்துல கறையை வெச்சவன் நீதாண்டா!" இரண்டாவது குத்தில் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஓடிவந்து, "நோவுக்காரப் புள்ளைய எங்களுக்கு விக்கறயா?" என்று மருதாசலத்தை மிதித்தார். நாற்காலிகள் பறந்தன. ஒருவர் நெற்றி பிளந்தது. வெற்றிலைத் தட்டும் பழத்தட்டும் காலடியில் நசுங்கின. குழந்தைகளின் அலறலை மீறிக்கொண்டு நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மருதாசலம் எழுந்ததும் நேராக மகளிடம் வந்தார். அடித்தவர்களை விட்டுவிட்டு அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். "உன்னால, எல்லாம் உன்னாலதான்."

பூச்சரம் வெட்டுவதற்காகப் பூத்தட்டில் ஒரு ட்ரிம்மர் கிடந்தது, கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. ராபின் அதை எடுத்துக் கேமரா மூடியின் ஓரத்தில் குத்தி நெம்பினார். முனை வழுக்கி இடது கட்டைவிரலுக்குள் இறங்கியது. உருவி எடுத்து மறுபடியும் நெம்பினார். மூடி படாரென்று பிளந்து வந்தது. ரத்தம் ஒழுகும் கையோடு பெரியாத்தாள் முன்னால் போய், பஞ்சை நகத்தால் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். திரையையும் காட்டினார். படத்தில் கழுத்து சுத்தமாக இருந்தது.

மண்டபம் அடங்கியது. பெரியாத்தாள் பஞ்சை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"அட, ஆமா. தப்பாப் போச்சுங்க சம்பந்தி. மனசுல வெச்சுக்காதீங்க, தட்டை மாத்திக்கலாம்."

"அதுக்கென்னங்க அம்மிணி, நல்ல காரியத்துல இதெல்லாம் சகஜம்" என்று மருதாசலம் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

தமிழ்மதி சுவரோடு ஒட்டி எழுந்தாள். கழுத்தில் நெருப்பு எரிந்தது.

"எனக்கு வேண்டாமுங்க."

"அதான் இல்லைன்னு ஆயிப்போச்சேம்மா" என்றாள் பெரியாத்தாள்.

"இருந்திருந்தா என்னை என்ன பண்ணியிருப்பீங்கன்னு பாத்துட்டனுங்க. தண்ணி ஊத்துனது உங்க மகன்."

மகுடேஸ்வரன் செம்பைக் கீழே வைத்தான்.

மருதாசலம் அவள் வயிற்றில் உதைத்தார். அவள் மடிந்து விழுந்தாள். இரும்பு நாற்காலி ஒன்றை மடக்கி, அவள் தலைக்கு நேராகத் தூக்கினார். தடுக்க வந்த பழனியம்மாள் அவர் தள்ளிய தள்ளில் தூணில் போய் விழுந்தாள். நாற்காலி இறங்குவதற்கு முன், குரலே உயர்த்தாத ராபின் கேமரா ஸ்டாண்டை இரண்டு கையாலும் சுழற்றி மருதாசலத்தின் முழங்கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நாற்காலி நழுவி விழுந்தது. ராபின் மறுபடியும் ஓங்கினார், மறுபடியும் அடித்தார். மூன்றாவதாக ஓங்கியபோதுதான் அவரைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அவரைக் கீழே போட்டு மிதித்தார்கள்.

அந்தக் கலவரத்துக்குள் பழனியம்மாள் தமிழ்மதியைத் தூக்கி நிறுத்தி, வாசலுக்கு இழுத்து வந்து, திருப்பூர் போகிற பஸ்ஸில் ஏற்றினாள். "ஹாஸ்டலுக்குப் போயிரு கண்ணு. ஊட்டுப் பக்கம் வந்துராத" என்று சொல்லித் தன் முந்தானையைக் கிழித்து அவள் கழுத்தில் சுற்றினாள்.

தமிழ்மதி கம்பெனி ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். வீட்டுக்குப் போகவே இல்லை. ராபினுக்கு விலாவில் இரண்டு எலும்பு உடைந்திருந்தது. இடது கட்டைவிரல் மடங்கவில்லை, கேமராவைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. மருதாசலத்தின் ஆட்கள் கம்பெனி வாசலில் இரண்டு தடவை வந்து நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பேசி, ராபின் ஊரை விட்டுப் போய்விடுவது என்று முடிவானது.

அவரை வழியனுப்பத் தமிழ்மதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மூக்கு கோணியிருந்தாலும் அவர் அதே சிரிப்பைத்தான் சிரித்தார். பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவருங்கண்ணா நீங்க. என்னால உங்க கை பாவத்துல விழுந்துருச்சு."

ராபின் மடங்காத விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒங்கப்பாவ அடிச்சது தப்புன்னு தெனமும் ஜெபத்துல ஆண்டவர்ட்ட சொல்லுதேன் தங்கச்சி. மன்னிச்சிரும்னு கேக்க மட்டும் இன்னும் வாய் வரல. வந்தா கேட்டுக்கிடுதேன்."