சி டிரைவில் இடமில்லை

ஒசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வண்டி உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. அதோடு இணைத்திருக்கும் கம்ப்யூட்டர்தான் என் உயிரை வாங்குகிறது. பழைய விண்டோஸ். புதியது போட்டால் மெஷினின் சாஃப்ட்வேர் ஓடாது. புது சாஃப்ட்வேர் வாங்க நிர்வாகத்துக்கு மனசு வராது. சில மாதங்களுக்கு ஒருமுறை சி டிரைவ் நிரம்பி அதன் பட்டை சிவப்பாகும், ரிப்போர்ட் சேவ் ஆகாது, எனக்கு போன் வரும். வார விடுமுறை, விசேஷம், சாவு வீடு எதற்கும் விலக்கில்லை.

என் வீடு குந்தாரப்பள்ளிப் பக்கம். சூளகிரியில் எங்கள் கம்பெனியே புதிதாகத் திறந்த தொழிற்சாலையைத் தாண்டித்தான் தினமும் ஒசூருக்குப் பேருந்தில் வருகிறேன். அங்கே மாற்றல் கேட்டு மேனேஜரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். கிடைத்தால் பிள்ளைகள் தூங்குவதற்கு முன் வீடு போய்ச் சேரலாம். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

“இந்த சிஸ்டத்த வேற யாரு பாப்பாங்க? இது படுத்துச்சுன்னா புதுசு வாங்கித்தான் ஆவணும். வந்த மறுநாளே உங்கள அனுப்பிடறேன்” என்றார் மேனேஜர்.

அவர் அப்படிச் சொன்ன பிறகு வந்த முதல் சிவப்புப் பட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சோற்றில் கை வைத்தபோது போன். போய்ச் சேர்ந்தால் சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. ரிப்போர்ட் இல்லாமல் போனால் வாங்குகிற கம்பெனி கேட்டைத் திறக்காது. லாரி டிரைவர் கன்னடக்காரர். எட்டிப் பார்த்து, “ஆயித்தா சார்?” என்றார். முடிந்ததா என்கிறார். இன்னும் கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லை.

டெம்ப் கோப்புகளை அழித்தேன். பழைய ரிப்போர்ட்டுகளில் கை வைக்க முடியாது, தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். வைரஸ் வந்த நாளிலிருந்து பென்டிரைவ் துளைகளையும் அடைத்துவிட்டார்கள். டிஸ்க் கிளீனப்பை ஓடவிட்டேன். ரீசைக்கிள் பின் மட்டும் மலைபோல் வீங்கியிருந்தது. அப்பாடா என்று அதில் டிக் அடித்தேன்.

“சார், குப்பத்தொட்டிய மட்டும் தொடாதீங்க சார்!” என்று பக்கத்தில் நின்ற பெண் பதறினாள். மெஷினில் அளவெடுக்கிறவள், கான்ட்ராக்ட் ஆள்.

“ஏம்மா, அதுல என்னா இருக்குது?”

“நம்ம அளவெடுக்கிற ப்ரோக்ராம் இருக்குது சார். வெளிய வெச்சா நைட் ஷிஃப்ட்காரங்க நம்பர மாத்திடறாங்க. அதான் வேலை முடிஞ்சதும் டெலீட் பண்ணிட்டுப் போவேன். காலைல ரீஸ்டோர் பண்ணிக்குவேன். இன்னிக்கும் அளந்து முடிச்சு இப்பதான் உள்ள போட்டேன். அங்கன்னா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பீரோ சாவியைக் குப்பைக்கூடையில் ஒளித்துவைக்கிற குடும்பத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஆனால் டிக்கை எடுக்கவில்லை. ஓகே கொடுத்தால் ப்ரோக்ராம் போய்விடும். புதிதாக எழுத வெளியாள் வர வேண்டும். வருகிறவர் இந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்த மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டு மாற்றச் சொல்வார். நான் சூளகிரிக்குப் போய்விடலாம். குப்பையைக் கொட்டியதற்கு என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. குப்பையில் வைத்தது யார் என்றுதான் கேட்பார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு மெமோ எல்லாம் கிடையாது. நாளையிலிருந்து வராதே என்பார்கள்.

எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா?

டிக்கை எடுத்தேன். துளைகளை அடைப்பதற்கு முன்பே யாரோ ஏற்றிவைத்த ஆயுத பூஜை வீடியோக்கள் ஒரு மூலையில் கிடந்தன. பூசணிக்காய் உடைப்பது, பொரி வாங்க வரிசை, மெஷினுக்குச் சந்தனம். அவையும் அந்தத் தொட்டிக்குள் போய் உட்காராதபடி ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு அழித்தேன். பட்டை நீலமானது. ரிப்போர்ட் பிரிண்ட் ஆனது. டிரைவர் அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். என் தோளைத் தட்டினார்.

“நீங்க கை வெச்சா சரியாயிடுது. இன்னும் ஒரு வருஷம் ஓடும் இல்ல?”

“ஓடும் சார்” என்றேன்.