மல்லிக்குத் தண்ணீர்

தொண்ணூறுகளில் சரோஜினி நகரில் எங்களுடையது தரைத்தள குவார்ட்டர்ஸ். முன்னால் இருந்த துண்டு நிலத்தில் அம்மா தோட்டம் போட்டிருந்தாள். டெல்லிக் குளிரில் தோட்டம் போடுவது பெரிய சாமர்த்தியம் இல்லை. தீபாவளி முடிந்ததும் நாற்று வாங்கி நட்டால், பிப்ரவரியில் டேலியா சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூத்து நிற்கும். தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகும். அம்மா மட்டும் அதை மதிக்கவே மாட்டாள்.

"வாசனை இல்லாத பூவெல்லாம் ஒரு பூவா?" என்பாள்.

ஏப்ரலில் அவையெல்லாம் கருகிய பிறகுதான் அவளுடைய பருவம் தொடங்கும். வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டியில் ஒரே ஒரு செடி. மதுரையிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தது. கோடைச் சாயங்காலங்களில் அதன் மொட்டுகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டால்தான் அவளுக்கு முகம் மலரும்.

நானோ டெல்லியில் பிறந்தவள். அந்தச் செடியை என் தோழிகள் இந்தியில் மோக்ரா என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். வீட்டில் அது வெறும் பூ. "பூ வச்சுக்கடி" என்று அம்மா துரத்துவாள், நான் ஓடுவேன். மல்லி என்றால் எனக்கு ரசத்தில் கிள்ளிப் போடுவது. அதுவும் எங்கள் தோட்டத்தில் இருந்தது, சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பாத்தி.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம், சித்தியின் பிரசவத்துக்காக அம்மா மதுரைக்குப் போனாள்.

"தண்ணி கம்மியாத்தான் வரும். மத்ததெல்லாம் போனாப் போகுது. மல்லிய மட்டும் விட்றாதடி."

சோம்பேறி என்று பெயரெடுத்தவள் நான். அந்தக் கோடையில் மட்டும் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. குழாய் நிற்பதற்குள் வாளியில் பிடித்து, கடைசிச் சொட்டுவரை கொத்தமல்லிப் பாத்தியில் ஊற்றினேன். அது இடுப்புயரம் வளர்ந்து, இலை மெலிந்து, பூவும் விட்டது. அப்போதுதான் அம்மா போனில் கேட்டாள்.

"மல்லி பூத்துச்சா?"

"பூத்துச்சும்மா! வெள்ளை வெள்ளையா, நிறைய!"

"மொதப் பூவ மீனாட்சி படத்துக்கு வையி தாயி" என்றாள் அம்மா.

வைத்தேன். சாமி அலமாரியில் ரச வாசனை அடித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிற ஆள். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அம்மா திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியதும், பெட்டியைக்கூட எடுக்காமல் தொட்டிக்குத்தான் போனாள். வெறும் குச்சிகள். ஒன்றை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே பச்சையே இல்லை.

"மல்லி பூத்துச்சுன்னியேடி?"

நான் அவள் கையைப் பிடித்துப் பாத்திக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். பெருமையாகக் காட்டினேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

அம்மா பாத்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், யார் வீட்டுப் பெண்ணையோ பார்ப்பதுபோல. அவள் திட்டியிருந்தால் தேவலை. எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி வந்து தொட்டியைப் பார்த்து உச்சுக்கொட்டியபோது, "லூ லக் கயீ ஜி" என்று பழியை அனல்காற்றின் மேல் போட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மழை வந்ததும் நர்சரியிலிருந்து வேறு செடி வாங்கி அதே தொட்டியில் வைத்தாள். அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏய், மல்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "மோக்ராவுக்குத் தண்ணி ஊத்திட்டியா?"

அதன்பிறகு தமிழைத் தேடிப் படித்தேன், எழுதவும் செய்கிறேன். எல்லாரிடமும் மல்லி என்று சொல்லும் அம்மா, என்னிடம் மட்டும் இன்றுவரை மோக்ரா என்றுதான் சொல்கிறாள். மல்லின்னே சொல்லும்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.