நான் பெற்ற பிள்ளை என்றார் அம்மா

இந்த நினைவு மலரில் அம்மாவைப் பற்றி எழுத வேண்டியவர் அக்கா. நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. "கடைசிவரைக்கும் பாத்தது நீதானே, நீயே எழுது" என்று அக்கா சொல்லிவிட்டார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்ததும் வாழ்ந்ததும் குருக்கள்மடத்தில்தான். அப்பா வாவியில் மீன் பிடித்தவர். அக்காவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அதன்பின் அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வீட்டைப் பார்த்தார். சண்டைக் குழப்ப காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து தோணியில் வந்த சனங்களோடு, ஒன்றரை வயதுப் பிள்ளையாக நானும் வந்தேன். என்னைத் தேடி யாரும் வரவில்லை. அம்மா வைத்துக்கொண்டார். அக்காவுக்கு எடுத்த துணியிலேயே எனக்கும் சட்டை தைத்தார்.

வெளிநாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குத் தாயின் குடிதான், அதாவது தாய்வழிக் குலம்தான். ஒரே குடியில் பிறந்தவர்கள் சகோதரங்கள், அவர்களுக்குள் கல்யாணம் இல்லை.

எனக்கு இருபத்தாறு வயதில் சித்தாண்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் அம்மாவின் குடிதான். நான் வளர்ப்புப் பிள்ளை என்று மாமா முன்பே சொல்லியிருந்ததால், தடையில்லை என்று வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பேச்சோடு பேச்சாக, "புள்ள நீங்க எடுத்து வளத்ததுதானே கா?" என்று கேட்டார்.

"ஆரு சொன்ன? இவள் நான் பெத்த புள்ள" என்றார் அம்மா.

மாமா குசினிக்குள் அம்மாவைக் கூட்டிவந்து கெஞ்சினார். "தங்கச்சி, ஓம் எண்டு ஒரு சொல்லுத்தானே."

"சொல்லமாட்டன் அண்ணன். இண்டைக்கு ஓம் எண்டா, நாளைக்கு இவள் ஆருட புள்ள?"

"பெத்தவளுகளுக்கே இவ்வளவு வீம்பில்ல. அப்ப அவள ஊறுகாய் போட்டு வெச்சிரு!"

வந்தவர்கள் பலகாரத்தில் கைவைக்காமல் போனார்கள். எனக்கு அந்த இடம் சம்மதமாகத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகு பேசி வந்த இடங்களும் சரிவரவில்லை. மாமா நெடுங்காலம் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

அந்த மாமாதான் அம்மாவின் செத்தவீட்டில் பந்தல் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். அவருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், வீட்டுக்கே வந்து மருந்து கட்டிய தாதிக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அக்காவுக்கும் இது தெரியாது. அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு பின்னேரம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். "அண்டைக்கு நான் ஓம் எண்டு சொல்லியிருக்கலாம், என்ன புள்ள?" என்று கேட்டார்.

"கஞ்சி ஆறுது, வாயத் திறங்க" என்றேன்.

அம்மா திறந்தார்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அம்மா காலமானார். நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.