மாமியோடு பாய்ந்த தவளைப் பாய்ச்சல்

கலியாணமாகி ஒன்றரை வருடமாக மாமி என்னோடு நேரே ஒரு சொல் பேசவில்லை. அவருடைய சம்மதம் இல்லாமல் அவர் மகனைக் கட்டியவள் நான். ஒரே வீடு, ஒரே குசினியில் சமையல். கதையெல்லாம் மகன் வழியாகத்தான்.

திருகோணமலைக் கடற்கரையில் சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழா. ஒலிபெருக்கி அழைத்தது: "மாமி மருமகள் தவளைப் பாய்ச்சல்! கை கோர்த்துக் குந்திப் பாயவேணும்!"

"இவையோ? கதைக்கவே மாட்டினம், பாய்வினமோ?" என்று அயல்வீட்டு விசாலாட்சியக்கா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே மாமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தார்.

கோட்டில் குந்தியபடி மகனைப் பார்த்து, "உன்ர பெண்சாதியிட்டச் சொல்லு, கையை நசுக்க வேண்டாமெண்டு," என்றார்.

விசில் ஒலித்தது. நான் முந்தினேன், அவர் பிந்தினார், இருவரும் மணலில் குப்புற விழுந்தோம். சனம் கைகொட்டிச் சிரித்தது. மற்றச் சோடிகள் பாதித் தூரம் போய்விட்டன. கண் கலங்க, எழும்பிப் போய்விடலாமென்று கையை உருவினேன்.

மாமி விடவில்லை. "விடாத பிள்ளை! என்ர குரலுக்குப் பாய்!"

கரைவலை இழுத்து வளர்ந்தவர் அவர். நெஞ்சைத் திறந்து, "ஏலேலோ!" என்றார். பாய்ந்தோம். "ஏலேலோ!" பாய்ந்தோம். கரையில் நின்ற மீனவர்கள் அந்தக் குரலை வாங்கிக்கொள்ள, கடலே பின்னாலிருந்து தள்ளியதுபோல் ஒவ்வொரு சோடியாகத் தாண்டி, முடிவுக் கோட்டில் முதலாவதாய் விழுந்தோம்.

பரிசு ஒரு அலுமினியச் சட்டி. மாமி அதைத் தலைக்குமேல் தூக்கி விசாலாட்சியக்காவுக்குக் காட்டினார். அன்றோடு என் கணவருக்குத் தூதுவேலை போய்விட்டது.

பிறகு என்னை எத்தனையோ பேர் எப்படியெல்லாமோ அழைத்திருக்கிறார்கள். மணல் ஒட்டிய வாயால் மாமி சொன்ன அந்த முதல் 'பிள்ளை'தான் இன்றும் என்னைத் தூக்கிப் பாய வைக்கிறது.